ஆறு ஞாயிறு, 7,500 ரூபா, ஒரு பிளாஸ்டிக் மூளை

குற்றவாளிகளின் மூளையைப் பற்றிய ஒரு ஞாயிறு வகுப்புக்குப் போய்வந்தேன். அதன் காசு விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னைக் கண்டவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். 7,500 ரூபா. ஆறு ஞாயிறு, காலை ஒன்பது தொடக்கம் பன்னிரண்டரை வரை, இடையில் ஒரு பிளேன்ரியும் ஒரு வாய்ப்பனும். இடம் யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு ரியூட்டரியின் மேல்மாடி. சாதாரணதரப் பெடியளுக்குச் செய்த வாங்குகள், என்னைப் போல அறுபது தாண்டின ஆளுக்கு முழங்காலை எங்கே வைப்பது என்றே தெரியாது, அதனால் இரண்டாம் கிழமையிலிருந்து வீட்டிலிருந்து ஒரு தலையணை கொண்டுபோனேன். என்னைப் பார்த்துச் சிரித்த இரண்டு பேர் நாலாம் கிழமை தாங்களும் கொண்டு வந்தார்கள்.

வகுப்பின் விளம்பரத்தில் போட்டிருந்தது இப்படி: "குற்றவாளியின் மூளையை வாசிப்போம்! வரலாற்று வழக்குகள், நவீன நரம்பு உளவியல் பார்வையில்." கீழே ஒரு மண்டையோட்டுப் படம், அதற்குள் மின்னல். இதைக் கண்டு நான் போகாமல் விட்டிருக்க வேண்டும். போனதற்குக் காரணம், நான் ஏறக்குறைய முப்பது வருசம் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன், பழைய ஆட்கள் இன்னும் "முதலியார்" என்றுதான் கூப்பிடுவார்கள், அது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்கு அந்தக் காலத்துப் பதவிப் பெயர். அத்தனை வருசமும் சாட்சிக் கூட்டுக்குப் பக்கத்தில் நின்று மற்றவர்களுடைய வாயாகவே இருந்தவனுக்கு, அந்த ஆட்களின் மண்டைக்குள் என்ன நடந்தது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டும் என்று ஒரு ஆசை. அவ்வளவுதான்.

படிப்பிப்பவர் வெளிநாட்டில் நரம்பு உளவியல் படித்துவிட்டு வந்த தம்பி. முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல தமிழ், நல்ல பொறுமை. நுதற் சோணை (நெற்றிப்பக்க மூளைப்பகுதி), மூளையம் (பெருமூளை), மூளி (சிறுமூளை) என்று எங்கள் உயிரியல் புத்தகத்துச் சொற்களையே பாவித்தார், அது எனக்கு மிகவும் பிடித்தது. கையில் துண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டக்கூடிய ஒரு பிளாஸ்டிக் மூளை. அதில் ஒரு துண்டு முதல் நாளே இல்லை. ஞாபகத்தைப் பதிகிற ஹிப்போகாம்பஸ் இருக்க வேண்டிய இடம் வெறும் பள்ளம். கேட்டதற்கு, "அது ரியூசன் பெடியள் கொண்டுபோட்டாங்கள் ஐயா" என்றார். சரி, ஞாபகம் தொலைந்த மூளையோடு ஞாபகத்தைப் பற்றிப் படித்தோம்.

முதல் நாள் வீண் என்று சொல்வேன். ஃபினியஸ் கேஜ். 1848 செப்டெம்பர் 13, அமெரிக்காவில் வெர்மொன்ற் மாநிலம், ரயில் பாதைக்குக் கல் உடைக்க வெடிமருந்து இடித்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர், மூன்றரை அடிக்கு மேல் நீளமான ஆறு கிலோ இரும்புக்கம்பி கன்னத்தால் புகுந்து உச்சியால் வெளியேறியும் பிழைத்துக்கொண்டார், ஆனால் குணம் மாறிவிட்டது என்று அவருக்கு வைத்தியம் பார்த்த டொக்டர் ஹார்லோ எழுதி வைத்தார். இந்தக் கதையை உளவியல் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆள் குற்றம் ஒன்றும் செய்யவில்லை. பிறகு சிலி நாட்டுக்குப் போய் வருசக்கணக்கில் குதிரை வண்டி ஓட்டியிருக்கிறார், அது கைமூளை ஒத்துழைக்காத ஆள் செய்கிற வேலை இல்லை. அப்படியிருக்க, குற்ற வழக்குகளைப் பற்றிய வகுப்பில் இவருக்கு முழுதாக இரண்டு மணித்தியாலம் எதற்கு?

என் பக்கத்தில் இருந்த தாதி அக்கா (சத்திரசிகிச்சை வார்ட்டில் நீண்ட காலம் வேலை செய்தவர், பெயர் வேண்டாம்) எழும்பிக் கேட்டார். "தம்பி, உந்த இரும்புக்கம்பி ஆளை விடுங்கோ. மோட்டார் சைக்கிளால விழுந்து தலையில அடிபட்டு, தைச்சு வீட்ட அனுப்பினா, மூண்டு மாசத்தில மனிசி வந்து 'மிஸ், இது என்ர மனுசன் இல்லை, வேற ஆள்' எண்டு அழுகிறதை நாங்கள் கிழமைக்குக் கிழமை காணுறம். சண்டைக் காலத்தில வெடிச்ச செல்லின்ர துண்டு இன்னும் மண்டைக்குள்ள இருக்கிற ஆக்கள் இந்த ஊரில எத்தினை பேர்? அதைப் பற்றி ஒண்டும் இல்லையோ?" தம்பி கொஞ்சம் தடுமாறிவிட்டார். "அடுத்த பிரிவுக்குச் சேர்க்கிறேன் அக்கா" என்றார். இந்த வகுப்பில் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான், அதை அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார்.

மூன்றாம் கிழமைதான் காசுக்குப் பெறுமதியான நாள். அன்று மழை, பலாலி வீதியில் முழங்கால் அளவு தண்ணி, வந்தது பதினோரு பேர், பத்தரைக்குக் கரண்டும் போய்விட்டது. புரொஜெக்டர் இல்லாமல் தம்பி வெறும் வாயால் கதைத்தார். மனுசன் படம் காட்டாதபோதுதான் நல்லாகப் படிப்பிக்கிறார்.

கதைத்தது சார்ல்ஸ் விட்மனைப் பற்றி. வயது 25, முன்பு அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் இருந்தவர், பிறகு ரெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர். 1966 ஓகஸ்ட் 1. அன்று விடியுமுன் தாயையும் மனைவியையும் கொன்றுவிட்டு, பகலில் துப்பாக்கிகளோடு பல்கலைக்கழகக் கோபுரத்தின் 28ஆம் மாடிக்கு ஏறி, கீழே போய் வந்தவர்களைச் சுடத் தொடங்கினார். பொலிஸார் மேலே ஏறி அவரைச் சுட்டுக் கொல்லும் வரை அது ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேல் நடந்தது. இது பலருக்குத் தெரிந்ததுதான். எனக்குத் தெரியாதது, அதற்கு நாலு மாதத்துக்கு முன், மார்ச் மாதத்தில், பல்கலைக்கழக மனநல வைத்தியரிடம் போய், கோபுரத்தில் ஏறி ஆட்களைச் சுட வேண்டும் என்று நினைப்பு வருகிறது என்று தானே சொல்லியிருக்கிறார் என்பது. அதையும்விட, சாகும் முன் எழுதிய கடிதத்தில், தனக்குக் கடுமையான தலையிடி, விளங்காத நினைப்புகள் வருகின்றன, செத்த பிறகு தன் உடலைப் பரிசோதித்து ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

வெட்டிப் பார்த்தார்கள். மூளைக்குள் ஒரு கட்டி இருந்தது.

அந்த இடத்தில் தம்பி நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்து, "இப்ப என்ன சொல்லுவியள்?" என்றார். இருட்டு மண்டபம், வெளியே மழை. பின்வாங்கில் ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை உடனே, "அப்ப அவர் செய்யேல்லை, கட்டிதான் செய்தது" என்றாள். பாதிப்பேர் தலையாட்டினோம், நானும் ஆட்டினேன். பிறகு தம்பி ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வைக்க எங்கள் தலையாட்டல் கழன்று விழுந்தது. முதலில் பரிசோதித்தவர் கட்டியை ஒரு வகை என்றார், பிறகு ஆளுநர் அமைத்த ஆணைக்குழுவின் நிபுணர்கள் வேறு வகை என்றார்கள். கட்டி காரணமாக இருந்திருக்கலாம், ஆனால் திட்டமாகச் சொல்ல முடியாது என்றுதான் அந்த ஆணைக்குழு முடித்தது. பயம், ஆத்திரம் போன்ற உணர்ச்சிகளோடு சம்பந்தப்பட்ட அமிக்டலா என்கிற மூளைப் பகுதியை அமத்தியதால் ஆத்திரம் வந்தது என்று இன்று ஆளுக்காள் சொல்கிறார்களே, அது பிற்காலத்தில் சனம் கூட்டிய உப்புப்புளி. தகப்பன் அடிக்கிற ஆள். பெற்றோர் அந்த வருசம்தான் பிரிந்தார்கள். இவர் நித்திரை முழிக்க அம்பெற்றமைன் குளிசை போட்டுக்கொண்டிருந்தவர். படையில் துப்பாக்கிச் சூட்டில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவர். இதில் எதை எடுத்துவிட்டால் அந்தக் கோபுரம் நடந்திராது? கட்டியை மட்டுமா?

அதற்குப் பிறகு தாதி அக்காதான் சொன்னார், மூளைக் கட்டியோடு வந்து போன ஆட்களை எண்ணினால் தன் விரலும் காணாது கால்விரலும் காணாது, அதில் ஒருவர்கூட ஒருவரையும் சுடவில்லை என்று. தம்பி மேசையில் தட்டி, "அதுதான் அக்கா, அந்த ஒரு வசனத்துக்குத்தான் இந்த வகுப்பு" என்றார். விளம்பரத்தில் அந்த வசனத்தைப் போட்டிருக்கலாம், மண்டையோட்டுக்குள் மின்னலைப் போட்டதற்கு.

இதன் மறுபக்கத்தையும் அன்றே சொன்னார், அதுவும் முக்கியம். 2018இல் வெளியான ஓர் ஆய்வு. மூளையில் காயமோ கட்டியோ வந்த பிறகு குற்றம் செய்யத் தொடங்கிய 17 பேரின் மூளைப் படங்களை எடுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். சேதமான இடம் ஆளுக்காள் வேறு. ஆனால் அந்த இடங்கள் எல்லாம் தொடுப்பு வைத்திருக்கிற வலையமைப்பு ஒன்றேதான், நியாயம் பார்த்து முடிவெடுக்கிற வேலையோடு சம்பந்தப்பட்டது. அதாவது "குற்றத்துக்கான இடம்" என்று ஒரு புள்ளியைக் குத்திக் காட்ட முடியாது, மின்கம்பத்தில் எந்தக் கம்பி அறுந்தாலும் ஒரே ஒழுங்கை இருட்டாகிற மாதிரி. (இந்த உவமை என்னுடையது. அன்று கரண்ட் இல்லாததால் வந்தது.) ஆனால் அப்படிக் காயம் வந்தவர்கள் எல்லாரும் குற்றம் செய்வதில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்றார்.

சரி, இனி நான் சண்டை பிடித்த கிழமைக்கு வருகிறேன்.

நாலாம் கிழமை மக்நோட்டன் வழக்கு. கிளாஸ்கோவில் மரம் கடைகிற தொழில் செய்த டானியல் மக்நோட்டன், ஆளும் கட்சிக்காரர் தன்னைத் துரத்தித் துரத்தி வதைக்கிறார்கள் என்று நம்பினார். 1843 ஜனவரியில் லண்டனில் பிரதமர் றொபேட் பீலின் அந்தரங்கச் செயலாளர் எட்வேட் ட்ரம்மண்டைப் பின்னாலிருந்து சுட்டார். ட்ரம்மண்டைப் பீல் என்றே நினைத்துச் சுட்டதாகச் சொல்கிறார்கள். ட்ரம்மண்ட் ஐந்தாம் நாள் இறந்தார். ஜூரிமார் மக்நோட்டனுக்குச் சித்தசுவாதீனம் இல்லை என்று விடுவித்தார்கள், மிச்ச வாழ்நாள் முழுக்க அவர் மனநோயாளர் காப்பகங்களில்தான் கழித்தார். மகாராணி விக்டோரியாவுக்குக் கோபம், பிரபுக்கள் சபை நீதியரசர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது, அவர்கள் சொன்ன பதில்தான் மக்நோட்டன் விதி. அந்த விதி கப்பலேறி 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84ஆம் பிரிவாகி, அப்படியே எங்கள் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் 77ஆம் பிரிவாக வந்து குந்தியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. செயலைச் செய்கிற நேரத்தில், சித்தசுவாதீனமின்மையால், தான் செய்வது என்ன என்றோ, அது பிழை அல்லது சட்டத்துக்கு மாறு என்றோ அறிய இயலாமல் இருந்தவர் செய்தது குற்றமல்ல.

தம்பி இதை வைத்து ஒரு நல்ல கேள்வி போட்டார். இந்தப் பிரிவு கேட்பது "தெரிந்ததா" என்று மட்டும்தான். ஆனால் நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி கெட்டவர்களில் சிலருக்குத் தெரிவதில் ஒரு குறையும் இருக்காது. 1985இல் எழுதப்பட்ட ஒரு நோயாளியின் கதையைச் சொன்னார், கட்டியை எடுக்கும்போது அந்தப் பகுதியையும் இழந்தவர். புத்திச் சோதனையில் உயர்ந்த புள்ளி. எது நியாயம், எது அநியாயம் என்று கேட்டால் ஒரு பிசகும் இல்லாமல் சொல்வார். ஆனால் வேலை போய், வியாபாரம் முறிந்து, கலியாணம் இரண்டும் முறிந்து, எந்தக் கடையில் சாப்பிடுவது என்று முடிவெடுக்கவே மணிக்கணக்காகிற ஆள். இவர் ஒரு குற்றம் செய்திருந்தால் 77ஆம் பிரிவு இவரைத் திரும்பியும் பார்க்காது, ஏனென்றால் இவருக்கு எல்லாம் தெரியும். அருமை, அதில் எனக்கு ஒரு வாதமும் இல்லை.

சண்டை வந்தது அதற்குப் பிறகு. தம்பி ஒரு செய்முறை தந்தார்: பழைய வழக்கேட்டில் ஒரு குற்றவாளியைப் பற்றிச் சாட்சிகள் சொன்னதை எடுத்து, அதில் வருகிற குணங்களைப் பட்டியல் போட்டு, எந்தச் சோணையில் கோளாறு என்று நாங்களே கண்டுபிடிக்க வேண்டும். சும்மா விளையாட்டுத்தான் என்றார். மாதிரிக்குத் தந்த ஏடு பழைய இலங்கை வழக்கு ஒன்றின் சாயலில் அவரே ஆங்கிலத்தில் எழுதியது, அதில் ஒரு சாட்சி "அன்று அவன் மேட் (mad) ஆக இருந்தான்" என்கிறார். எல்லாரும் உடனே மனநோய் என்று எழுதினார்கள். நான் எழும்பிவிட்டேன்.

கூட்டில் நிற்கிற யாழ்ப்பாணத்துக் கிழவி என்ன சொல்லியிருப்பாள்? "அண்டைக்கு அவனுக்கு நல்ல விசர் ஐயா." இந்த ஊரில் விசர் என்றால் எத்தனை அர்த்தம்! கடைக்காரன் மிச்சக்காசு தராவிட்டால் விசர் வரும். பஸ் பிந்தினால் விசர். பிள்ளை கேட்ட கேள்வியையே திருப்பிக் கேட்டால் "விசர்க் கதை கதையாதை". மனைவி மீது கடும் பாசம் உள்ளவனையும் "அவளில சரியான விசர்" என்போம். உண்மையிலேயே மனம் பிசகியவரையும் அதே சொல்லால்தான். அந்தக் காலத்தில் சாட்சி தமிழில் சொல்ல, என்னைப் போல ஒருவர் அந்த நிமிசமே ஆங்கிலமாக்க, நீதிபதி ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வார். தமிழ்ச் சொல் காற்றோடு போய்விடும். ஏட்டில் மிஞ்சுவது மொழிபெயர்ப்பாளர் அன்று காலை தெரிந்தெடுத்த சொல். அவர் முதல்நாள் இரவு நித்திரை கொண்டாரா, மத்தியானச் சாப்பாட்டுக்கு அவசரப்பட்டாரா, எதுவும் ஏட்டில் இராது. நூறு வருசத்துக்குப் பிறகு அந்த ஏட்டை எடுத்து ஒருவரின் மூளையை வாசிக்கிறேன் என்றால், நீங்கள் வாசிப்பது முதலியாருடைய மூளையை.

என் அனுபவத்தில், சாட்சி விசர் என்று சொன்னால் நான் உடனே மொழிபெயர்க்க மாட்டேன். நீதிபதியிடம் கேட்டு, "அம்மா, கோபத்தில இருந்தவர் எண்டு சொல்லுறியளோ, புத்தி தடுமாறி இருந்தவர் எண்டு சொல்லுறியளோ?" என்று திருப்பிக் கேட்பேன். ஒரு முறை ஒரு காணி எல்லைச் சண்டையில் வந்த வழக்கில், ஒரு மனுசி அந்தக் கேள்விக்கு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரெண்டும்தான் முதலியார்" என்றாள். அதை நான் அப்படியே மொழிபெயர்த்தேன். வேறு என்ன செய்ய?

தம்பி கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, அந்தச் செய்முறைத் தாளை மடித்து வைத்துவிட்டார். அடுத்த கிழமை வந்து, "ஐயா சொன்னதை யோசிச்சன், உந்தச் செய்முறையை இனி மாத்துறன்" என்றார். மாற்றினாரா என்று அடுத்த பிரிவுக்குப் போகிறவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். படிப்பிக்கிறவர் பிழையை ஒத்துக்கொண்டு நான் கண்டது வெகு குறைவு, அதற்காகவே ஒரு புள்ளி கூடப் போடுகிறேன்.

ஆனால் அதே ஆள் ஐந்தாம் கிழமை திரும்ப வழுக்கினார். சார்ல்ஸ் கிற்றோ, 1881இல் அமெரிக்க ஜனாதிபதி காஃபீல்டைச் சுட்டவர். கிறங்கிப்போன ஆள்தான், நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும்போதே எல்லாரையும் ஏசிக்கொண்டு, தூக்குமேடையில் தானே எழுதிய பாட்டை வாசித்துவிட்டுச் செத்தவர். தன் தற்காப்பில், நான் சுட்டது உண்மை, கொன்றது டொக்டர்மார் என்று சொன்னார். கழுவாத கையை விட்டுக் குண்டைத் தேடித் தேடிக் காயத்தை அழுக வைத்த டொக்டர்மாரை நினைத்தால் அது முழுப் பொய்யும் இல்லை. அவரது மூளையை வெட்டிப் பார்த்ததில் சிபிலிஸ் நோயின் அடையாளம் என்று சிலர் சொன்னார்கள். இதைத் தம்பி "ஆகவே சிபிலிஸ்தான் காரணம்" என்று ஒரே வரியில் படத்தில் போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். புரொஜெக்டர் வேலை செய்த நாள் அது. விட்மனுக்கு அவ்வளவு நிதானம் காட்டியவர் இங்கே ஏன் இப்படி? படம் காட்டினால் ஆளுக்கு அவசரம் வந்துவிடுகிறது என்றுதான் நினைக்கிறேன்.

லொம்புரோசோவைப் பற்றிய இரண்டாம் கிழமை பரவாயில்லை. இத்தாலிய வைத்தியர், ஒரு கள்வனின் மண்டையோட்டின் பின்னடியில் வழமையில்லாத ஒரு பள்ளத்தைக் கண்டு, பிறவிக் குற்றவாளி என்று ஒரு சாதியே உண்டு என்று 1876இல் புத்தகம் எழுதியவர். இப்போது ரூரின் நகரத்து நூதனசாலையில் அவருடைய எலும்புக்கூடும் நிற்கிறது, சேகரித்தவரையும் சேகரித்துவிட்டார்கள். தம்பி இதை ஐரோப்பியப் பகிடியாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். எனக்கு அது காணாது. அந்த நினைப்பு அந்தக் காலத்தில் எங்கும் இருந்தது. லொம்புரோசோவின் புத்தகத்துக்கும் முன்னமே, 1871இல், வெள்ளைக்காரன் இந்தியாவில் குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, பிறப்பாலேயே குற்றவாளி என்று சனங்களைப் பதிந்தான். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது, 1920இல் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த சனத்தைச் சுட்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததுதான், என்றாலும் எங்கள் மொழி பேசுகிற சனம். மண்டையோட்டை வைத்து நாங்கள் சிரிக்கிற அன்று இதையும் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு மூளைப் படத்தை வைத்து யார் அபாயமான ஆள் என்று முன்கூட்டிச் சொல்லலாம் என்று ஒருவர் வந்தால், நாங்கள் சந்தேகப்பட வேண்டிய காரணம் அங்கேதான் கிடக்கிறது.

நித்திரையில் நடக்கிற வழக்குகளை அரை மணித்தியாலத்தில் முடித்தது நியாயம் இல்லை. கனடாவில் 1987இல் ஒருவர் நித்திரையிலேயே இருபது கிலோமீற்றருக்கு மேல் கார் ஓட்டிப்போய் மனைவியின் தாயைக் கொன்று, விடுதலையானார், 1992இல் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. அதைவிட எனக்குப் பிடித்தது 1878இல் கிளாஸ்கோவில் சைமன் பிரேசர் என்பவருடைய வழக்கு. கனவில் ஒரு மிருகம் வந்ததென்று நினைத்து அதை அடிக்கப்போய், தன் கைக்குழந்தையையே கொன்றுவிட்டார். இனிமேல் தனியாகப் படுப்பேன் என்று உறுதி கொடுத்தபின் அவரை விட்டார்கள். மூளையலையும் ஸ்கானும் இல்லாத காலத்தில் அந்த நீதிமன்றம் எடுத்த முடிவை இன்றைக்கு எந்த நிபுணர் வந்தாலும் பெரிதாகத் திருத்த மாட்டார் என்று நினைக்கிறேன்.

கடைசி நாள் பாடம் ஞாபகத்தைப் பற்றி. 1974இல் செய்த பரிசோதனை: கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, ஒரு பகுதியினரிடம் கார்கள் "இடிபட்டபோது" எவ்வளவு வேகம் என்று கேட்டார்கள், இன்னொரு பகுதியினரிடம் "நொறுங்கியபோது" என்று. நொறுங்கியது என்று கேட்டவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். இதே மாதிரி இன்னொரு பரிசோதனையில் ஒரு கிழமை கழித்துக் கண்ணாடி உடைந்ததைக் கண்டீர்களா என்று கேட்டால், நொறுங்கியவர்களில் 32 வீதம் கண்டோம் என்றார்கள், இடிபட்டவர்களில் 14 வீதம். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. நான் அப்படியே இருந்துவிட்டேன். முப்பது வருசம் குறுக்கு விசாரணைக் கேள்விகளை மொழிபெயர்த்தவன் நான். சட்டத்தரணி கேட்ட வினைச்சொல்லுக்கு நான் போட்ட தமிழ் வினைச்சொல் எத்தனை சாட்சிகளின் கண்ணாடியை உடைத்திருக்கும்? தள்ளினான், தட்டினான், அடித்தான், இடித்தான். அன்றைக்கு வாய்ப்பன் தொண்டைக்குள் இறங்கவில்லை. (உண்மையில் அன்று வாய்ப்பனும் இல்லை, கடைசி இரண்டு கிழமையும் பிஸ்கட்தான் தந்தார்கள், இதையும் ஒரு குறையாகப் பதிகிறேன்.)

அன்று ஒருவர் சதாசிவம் வழக்கைப் பற்றிக் கேட்டார். 1947இல் சேப்பாக்கத்தில் 215 ஓட்டம் அடித்த அந்தக் கிரிக்கெட் வீரர் சதாசிவம்தான். 1951 ஒக்டோபரில் கொழும்பில் அவருடைய மனைவி கொலை செய்யப்பட்டார், வேலைக்காரர் வில்லியம் அரச தரப்புச் சாட்சியாக மாறினார், சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா எதிரியான சதாசிவத்துக்காக வாதாடினார், எடின்பரோவிலிருந்து சட்ட வைத்திய நிபுணர் சேர் சிட்னி ஸ்மித் வந்து சாட்சி சொன்னார், 1953இல் ஜூரிமார் சதாசிவத்தை விடுவித்தார்கள். இந்த ஊரில் எந்தத் திண்ணையில் இருந்து கேட்டாலும் இந்த வழக்குக்கு ஒரு தீர்ப்புக் கிடைக்கும். தம்பி தன் மண்டையோட்டு மின்னலை எடுக்கப் போகிறார் என்று பயந்தேன். எடுக்கவில்லை. "இதில ஒருத்தற்ற மூளையையும் நான் வாசிக்கமாட்டன். இது செத்த நேரத்தைப் பற்றின வழக்கு, ஒரு சாட்சியின்ர வாக்குமூலத்தை எவ்வளவு நம்பலாம் எண்ட வழக்கு" என்றார். கேட்டவருக்கு ஏமாற்றம். எனக்குப் பெரிய திருப்தி.

இனிச் சில்லறைக் குறைகள். ஒன்பது மணி என்றால் ஒன்பதரை. நல்லூர் பக்கத்தால் வருகிறவர்களுக்குப் பிந்தினதற்குச் சாட்டு உண்டு, ரியூட்டரிக்காரருக்குத் திறப்பைக் கொண்டுவர என்ன சாட்டு? மின்விசிறி மூன்றில் ஒன்று சுற்றாது, அதன் கீழேதான் தொடர்ந்து எனக்கு இடம். வாட்ஸ்அப் குழுவில் பாடக்குறிப்பைவிட "காலை வணக்கம்" ரோசாப்பூக்கள்தான் கூட. குறிப்புகள் பாதி ஆங்கிலம், பாதி தமிழ், நல்ல தமிழ்ச் சொல் வைத்திருக்கிற மனுசன் ஏன் தாளில் மட்டும் ஆங்கிலத்துக்கு ஓடுகிறார் என்று விளங்கவில்லை. ஒரு நாள் வராவிட்டால் அடுத்த பிரிவில் அந்த நாளுக்கு இலவசமாக வரலாம், இது நல்ல ஏற்பாடு.

யாருக்குச் சரி வரும்? இளம் சட்டத்தரணிகள் கட்டாயம் போக வேண்டும், மூன்றாம், நாலாம், ஆறாம் கிழமைகளுக்காக. உயர்தர மாணவருக்குக் கொஞ்சம் பாரம். துப்பறியும் கதைக்கு ஆசைப்பட்டுப் போகிறவர்கள் ஏமாறுவார்கள், என் முன்வாங்கில் இருந்த சோடி ஒன்று இரண்டாம் கிழமையோடு காணாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தலையில் அடிபட்ட ஒருவரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் இதற்கு வர வேண்டாம், அவர்களுக்கு வேண்டியது இதில் இல்லை, வைத்தியசாலைக் கிளினிக்கில் நேரே கேளுங்கள். தாதி அக்கா கேட்ட அந்த விசயம் சேர்ந்தால் வேறு கதை.

ஐந்துக்கு மூன்றரை. கரண்ட் போகிற நாளாக இருந்தால் நாலரை.

சான்றிதழ் லமினேற் பண்ணித் தந்தார்கள். என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. திருத்தித் தாருங்கள் என்று கேட்டபோது, அலுவலகத்துப் பிள்ளை பதிவுப் புத்தகத்தை விரித்து, "நீங்கள் இப்பிடித்தான் சொன்னனீங்கள் ஐயா" என்று காட்டியது.